கைப்பேசியோடு இணையும் இலக்கவியல் தொலைக்காட்சி டியூனர்

கைப்பேசி அல்லது கைக்கணினியின் யூ.எஸ்.பி துளையில் செருகி, இணையம் இல்லாமலேயே வானலைத் தொலைக்காட்சியைப் பார்க்க உதவும் சிறு கருவி. கடைகளில் ‘டிவி டோங்கிள்’, ‘பேட் டிவி’ போன்ற பெயர்களில் விற்றது. கட்டைவிரல் அளவே இருக்கும். ஒரு முனையில் மைக்ரோ யூ.எஸ்.பி அல்லது டைப்-சி செருகி, மறுமுனையில் இழுத்து நீட்டும் குட்டி ஏரியல். சிலவற்றில் ஏரியலுக்குப் பதில் எம்.சி.எக்ஸ் என்னும் பொடித்துளை இருக்கும். அதில் காந்த அடி வைத்த ஏரியலை மாட்டிக் காரின் கூரையிலோ தகரக் கூரையிலோ ஒட்ட வைக்கலாம். மின்சாரத்தை டோங்கிள் கைப்பேசியிலிருந்தே உறிஞ்சிக்கொள்வதால் பேட்டரி விரைவில் இறங்கும்.

மலேசியாவில் இக்கருவியின் காலம் குறுகியது. சிக்னல் வலுவாகக் கிடைத்த இடத்தில் இதற்குத் தேவை இருக்கவில்லை. தேவை இருந்த இடத்திலோ சிக்னல் போதவில்லை. கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸையும், கிள்ளானுக்குத் தெற்கே கடலோரம் கிடக்கும் கேரி தீவையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் இது எளிதில் விளங்கும்.

முன்வரலாறு

கையில் எடுத்துச் செல்லும் தொலைக்காட்சி புதிதல்ல. சோனி தன் ‘வாட்ச்மேன்’ வரிசையை 1982இல் தொடங்கியது. அவை யாவும் அனலாக் கருவிகள். அனலாக் ஒளிபரப்பு நின்ற நாட்டில் அன்றே பயனற்றுப் போயின.

கைப்பேசிக்கென்றே தனி ஒளிபரப்பு நடத்தும் முயற்சி 2000களின் நடுவில் சூடு பிடித்தது. ஐரோப்பா 2004இல் டி.வி.பி-எச் என்ற தரத்தை வகுத்தது. தென்கொரியா 2005 டிசம்பரில் டி.எம்.பி தரைவழிச் சேவையைத் தொடங்கியது. ஜப்பானின் ‘ஒன்செக்’ 2006 ஏப்ரல் 1இல் வந்தது. அங்கே ஓர் அலைவரிசை 13 துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும்; அதில் ஒரு துண்டைக் கைப்பேசிக்கென ஒதுக்கி, படத்தின் தரத்தைக் குறைத்து, சிக்னலின் உறுதியைக் கூட்டினார்கள். வீட்டுக்கும் கைக்கும் ஒரே ஒளிபரப்பு என்பதால் தனிக் கோபுரமோ தனிச் சந்தாவோ வேண்டியிருக்கவில்லை. ஒன்செக் நிலைத்ததற்கு இதுவே காரணம் எனலாம். தனிக் கட்டமைப்பும் சந்தாவும் கேட்ட அமெரிக்காவின் ‘ஃப்ளோ டிவி’ 2011 மார்ச்சில் மூடப்பட்டது. டி.வி.பி-எச் நோக்கியாவின் சில மாடல்களோடு வந்து, அவற்றோடு மறைந்தது. மலேசியாவில் யூ மொபைல் என்ற கைப்பேசி நிறுவனம் இந்தத் தரத்தைக் கையிலெடுத்தது, அதுவும் நிலைக்கவில்லை.

டோங்கிளின் பாதை வேறு. கைப்பேசியே ஒரு கணினியைப் போலப் பிற கருவிகளை இயக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. ஓ.டி.ஜி எனப்படும் அந்த வசதிக்கான விதி 2001இலேயே வந்துவிட்டாலும், 2011இல் வெளியான ஆண்ட்ராய்டு 3.1தான் அதைச் செயலி எழுதுவோர் கைக்கு எட்டச் செய்தது. அதே 2011இல் எல்காட்டோ நிறுவனம் ஐபேடில் செருகும் ‘ஐடிவி மொபைல்’ டியூனரை ஐரோப்பாவில் விற்றது. சீனத் தயாரிப்புகள் விலையை மளமளவென்று இறக்கின.

மலேசியாவில்

மலேசியத் தொலைக்காட்சி 1963 டிசம்பர் 28இல் கோலாலம்பூரில் தொடங்கியது. வண்ணம் 1978இல் வந்தது. தமிழ் வீடுகளுக்கு அரசு ஒளிபரப்பு நிறுவனமான ஆர்.டி.எம்மின் தமிழ்ச் செய்தியும் தமிழ்ப்படமும் நெடுங்காலம் வானலையில்தான் வந்தன. 1996இல் ஆஸ்ட்ரோ செயற்கைக்கோள் வழியே வந்து ‘வானவில்’ அலைவரிசையைக் கொடுத்தது. அதை நிறுவிய ஆனந்த கிருஷ்ணன் 1938இல் பிரிக்ஃபீல்ட்ஸில் பிறந்தவர் என்பது இங்கே குறிப்பிடத் தக்கது.

தரைவழி இலக்கவியல் ஒளிபரப்புக்கு மலேசியா டி.வி.பி-டி2 தரத்தைத் தேர்ந்துகொண்டது. கட்டமைப்பை நடத்தும் மைடிவி நிறுவனத்தின் சேவை 2017 ஜூன் 6இல் முறைப்படி தொடங்கியது. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு இலவச டிகோடர் வழங்கப்பட்டது. அனலாக் ஒளிபரப்பு முதலில் 2019 ஜூலை 21இல் லங்காவியில் நின்றது. அக்டோபர் 31இல் நாடு முழுவதும் நின்றது. அன்றோடு பழைய கையடக்கத் தொலைக்காட்சிகள் வெறும் பெட்டிகளாயின. புதிய தரத்தைப் புரிந்துகொள்ளும் டோங்கிளுக்கோ சந்தை திறந்தது.

அந்தச் சந்தையில் ஒரு பொறியும் இருந்தது. ஐரோப்பாவை மனத்தில் வைத்துச் செய்த மலிவு டோங்கிள்கள் பல, பழைய டி.வி.பி-டி தரத்தை மட்டுமே அறியும். உறையில் ‘டிஜிட்டல் டிவி’ என்று பெரிய எழுத்தில் இருக்கும். கிள்ளானில் செருகித் தேடவிட்டால் ஓர் அலைவரிசையும் சிக்காது. கருவியில் கோளாறு எதுவுமில்லை, தரம்தான் வேறு.

சரியான டோங்கிள் உள்ளவருக்குக் கிடைத்தது குறைவன்று. ஆர்.டி.எம், டிவி3 முதலிய அலைவரிசைகளோடு மின்னல் எஃப்.எம் உட்பட ஆர்.டி.எம் வானொலிகளும் அதே ஒளிபரப்பில் வந்தன. டேட்டா ஒரு சொட்டுக்கூடச் செலவாகாது. கொரோனா காலத்தில் கல்வி அமைச்சின் ‘டிடிக் டிவி’ 2021 பிப்ரவரி 17இல் தொடங்கியபோது, வீட்டில் ஒரே கைப்பேசியும் தீர்ந்துபோன டேட்டாவுமாக இருந்த பிள்ளைகளுக்கு இந்தக் கருவி கைகொடுத்திருக்கலாம். அதைப் பரப்பும் முயற்சி எதுவும் பெரிதாக நடக்கவில்லை. அப்போது கவனம் முழுவதும் டிகோடர் மீதே இருந்தது.

பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து சில கிலோமீட்டரில் ஒளிபரப்புக் கோபுரமான கோலாலம்பூர் கோபுரம் நிற்கிறது. அங்கே அலைவரிசைகளைப் பிடிக்க விரலளவு ஏரியலே போதும். ஆனால் அதே தெருவில் 4ஜி பறக்கும். ஆர்.டி.எம் க்ளிக், ஆஸ்ட்ரோவின் கைப்பேசிச் செயலி என எல்லாம் திரையில் ஒரு தொடலில் திறக்கும்போது, ஏரியலை நீட்டிப் பிடித்துக்கொண்டு யார் உட்கார்ந்திருப்பார்?

கேரி தீவு

கோல லங்காட் மாவட்டத்தைச் சேர்ந்த கேரி தீவு, வாலன்டைன் கேரி என்ற ஆங்கிலத் தோட்டக்காரரின் பெயரைத் தாங்கியது. லங்காட் ஆறு அதைப் பெருநிலத்திலிருந்து பிரிக்கிறது. கடல்நீர் புகாமல் கரை கட்டிக் காத்த தாழ்நிலத்தில் பெரும்பகுதி செம்பனைத் தோட்டம். மரச் செதுக்குக்குப் பெயர்பெற்ற மாமேரி பழங்குடியினரும், தோட்டத் தமிழரும் இங்கு வாழ்கின்றனர். தோட்டத் தமிழ்ப்பள்ளிகளும் உண்டு.

கோலாலம்பூர் கோபுரத்திலிருந்து தீவு நேர்க்கோட்டில் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். கோபுரம் 421 மீட்டர். அது நிற்பதும் குன்றின்மேல். இடையில் மலை இல்லை. பூமியின் வளைவைக் கணக்கில் எடுத்தாலும் அலை தீவை எட்ட வேண்டும். கூரைமேல் கம்பு நட்டு, அண்டனாவைக் கோலாலம்பூர் பக்கம் திருப்பினால் எட்டவும் எட்டும். டோங்கிளின் குட்டி ஏரியலுக்கு அந்த உயரமும் இல்லை, ஒரு திசையிலிருந்து வரும் சிக்னலைக் குவிக்கும் ஆற்றலும் இல்லை. சுற்றிலும் ஈரம் நிறைந்த செம்பனை ஓலைகள், தொலைக்காட்சி வரும் யு.எச்.எஃப் அலையை விழுங்குகின்றன. வீட்டுச் சுவர் மீதியைக் குறைக்கிறது.

அனலாக் காலத்தில் சிக்னல் மெலிந்தால் படம் புள்ளிபுள்ளியாகத் தெரியும், குரலாவது கேட்கும். இலக்கவியலில் அந்த நடுநிலை இல்லை. ஒரு வரம்புவரை படம் துல்லியம். வரம்புக்குக் கீழே இறங்கினால் படம் கட்டம்கட்டமாக உடைந்து உறைந்துவிடும். கையில் பிடித்தபடி இரண்டடி நகர்ந்தாலே அந்த வரம்பைத் தாண்டிவிடலாம்.

தோட்ட வீடுகளுக்குச் செயற்கைக்கோள் தட்டு எளிதான வழியாக அமைந்தது. வானத்திலிருந்து இறங்கும் சிக்னலுக்குச் செம்பனை குறுக்கே நிற்பதில்லை. மாதச் சந்தா இல்லாத ‘என்ஜோய்’ சேவையை ஆஸ்ட்ரோ 2012இல் கொண்டுவந்தது. தட்டுக்கும் ஒரு பலவீனம் உண்டு: மழை கொட்டினால் படம் போய்விடும். யு.எச்.எஃப் அலையை மழை அவ்வளவாகத் தொடுவதில்லை. தீவில் டோங்கிளுக்கு இருந்த ஒரே சாதகம் அதுதான்.

பின்னர்

அனலாக் தொலைக்காட்சி காலி செய்த 700 மெகாஹெர்ட்ஸ் பட்டை கைப்பேசிச் சேவைக்குப் போனது. 2021 டிசம்பரில் தொடங்கிய மலேசிய 5ஜி வலை அதையும் பயன்படுத்துகிறது. டோங்கிளுக்கு வழி திறந்த அதே மாற்றம், டோங்கிளை வேண்டாததாக்கும் வேகத்தையும் கைப்பேசிக்குக் கொடுத்தது.

இந்தியாவில் அரசே டோங்கிளை நம்பி இறங்கியது. தூர்தர்ஷன் 2016 பிப்ரவரி 25இல் சென்னை உள்ளிட்ட 16 நகரங்களில் டி.வி.பி-டி2 ஒளிபரப்பைத் தொடங்கி, ஓ.டி.ஜி கைப்பேசியில் டோங்கிள் மாட்டிப் பார்க்கச் சொன்னது. அதே ஆண்டு செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டாவைத் தண்ணீராக ஓடவிட்டதும் அந்த அழைப்பு அடிபட்டுப் போனது. இப்போது அங்கே ‘டி2எம்’ என்ற பெயரில் டியூனரைக் கைப்பேசிக்குள்ளேயே வைக்கும் சோதனை நடக்கிறது.

மலேசியத் தொலைக்காட்சிக்கு உதவாத பழைய டி.வி.பி-டி டோங்கிள்களில் ஒருவகைக்கு மறுவாழ்வு கிடைத்தது. ரியல்டெக் ஆர்.டி.எல்.2832யூ சில்லு கொண்டவை, பிடித்த அலையை அப்படியே கணினிக்குக் கொடுக்கும் என்று 2012 வாக்கில் ஆர்வலர்கள் காட்டினர். உரிய மென்பொருள் இருந்தால் ஆண்ட்ராய்டு கைப்பேசியிலும் அது ஒரு முழு வானொலி வாங்கி. கேரி தீவுக்கு வடக்கே, இண்டா தீவிலுள்ள வெஸ்ட்போர்ட்ஸ் துறைமுகத்துக்கு வரும் கப்பல்கள் தம் பெயரையும் இருப்பிடத்தையும் 161.975, 162.025 மெகாஹெர்ட்ஸில் ஓயாமல் அறிவித்துக்கொண்டிருக்கும். அதே டோங்கிள் அவற்றைப் படித்துக் காட்டும்.