அரங்கேற்றமும் பரிசுப் போட்டியும்

1955-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் காங்கிரஸ் மாநாடு கூடியதால் இந்திய வரலாற்றில் இடம்பெற்ற ஊர் ஆவடி. 1965-இல் விஜயந்தா டாங்கி உருவாகி வெளிவந்ததும் அங்கேதான். அதனை அடுத்த அம்பத்தூர் மிதிவண்டித் தொழிற்சாலையாலும், பின்னர் எழுந்த தொழிற்பேட்டையாலும் பெயர் பெற்றது. பூவிருந்தவல்லியோ இவ்விரண்டினும் பழமை வாய்ந்தது. சென்னைக்கு மேற்கேயுள்ள இவ்வட்டாரத்தை இலக்கியத்தோடு இணைத்துப் பேசுவார் அரியர். எனினும் பேருந்திலும் மின்தொடர்வண்டியிலும் பணிக்குச் செல்லும் இளைஞர் சிலரின் பையில், மதிய உணவுப் பாத்திரத்தின் அருகே ஒரு நோட்டுப் புத்தகமும் இருக்கிறது.

அத்தகைய இளைஞர் ஒருவர் ஜும்ஆத் தொழுகை முடிந்தபின் எம்மிடம் இரண்டு வினாக்களைக் கேட்டார். தம் முதல் நாவலை எழுதி முடித்துவிட்டதாகவும், அதனைப் பரிசுப் போட்டி ஒன்றுக்கு அனுப்ப எண்ணுவதாகவும் கூறிய அவர், பெயரைப் பார்த்தே ஒதுக்கிவிடுவார்களோ என்று ஐயுற்றார். நம் வீடுகளில் வழங்கும் சொற்களை நீக்கிவிட்டு, எல்லார்க்கும் பொதுவான நடையில் மாற்றி எழுதி அனுப்பினால் நலமாகுமோ என்பது அவருடைய இரண்டாம் வினா. இவ்வினாக்கள் அவர் ஒருவருக்கு உரியன அல்ல; முதல் நூலோடு வாயிலில் நிற்கும் ஒவ்வொருவர்க்கும் உரியன. ஆகவே அவற்றுக்கு விடையை வரலாற்றில் தேடுவோம்.

புலவர் தம்முள் போட்டியிடுவது புதியதன்று. தாயிபுக்கு அண்மையில் கூடிய உக்காழ் சந்தை அரபு நாட்டின் பெரும் கவியரங்காகவும் விளங்கிற்று. அங்கே நாபிகா என்னும் மூத்த கவிஞருக்குச் செந்நிறத் தோற்கூடாரம் அமைப்பார்கள். புலவர்கள் அவர்முன் தம் பாக்களைப் பாடித் தீர்ப்புப் பெறுவார்கள். ஒருமுறை அஅஷா பாடினார். பின்னர் ஹஸ்ஸான் இப்னு தாபித் பாடினார். அதன்பின் கன்ஸா என்னும் பெண்பாற் புலவர் பாடினார். அஅஷா முன்னரே பாடியிராவிடில் கன்ஸாவையே அனைவரினும் சிறந்தவர் எனக் கூறியிருப்பேன் என்றார் நடுவர். ஹஸ்ஸான் சினங்கொண்டார். நாபிகாவோ அவர் பாட்டின் சொற்களையே எடுத்துக்காட்டி, எந்தச் சொல் பொருளைக் குறைத்தது என விளக்கினார் என்று அரபு இலக்கிய மரபு கூறும்.

இந்நிகழ்ச்சியில் நாம் கொள்ளத்தக்க பாடங்கள் இரண்டு. நடுவர் தீர்ப்பைக் கூறியதோடு அமையாமல் காரணமும் கூறினார் என்பது ஒன்று. தோற்றவர் தோல்வியோடு முடிந்துவிடவில்லை என்பது மற்றொன்று. அந்த ஹஸ்ஸானே பிற்காலத்தில் இஸ்லாத்தைத் தழுவி, அண்ணல் நபி (ஸல்) அவர்களின் கவிஞர் என்னும் பேறு பெற்றார். மதீனாப் பள்ளிவாசலில் அவர் நின்று பாடுவதற்கென மேடை இடப்பட்டது. உக்காழில் முதலிடம் கிட்டாமை அவருடைய கவிதைக்கு முற்றுப்புள்ளி ஆகவில்லை.

தமிழகத்தில் இவ்விடத்தை வகித்தது அரங்கேற்றம். இன்று நமக்குக் கிடைக்கும் இஸ்லாமியத் தமிழ் நூல்களுள் காலத்தால் மூத்ததாகக் கருதப்படும் ஆயிர மசலா 1572-இல் மதுரையில் அரங்கேறிற்று. அதனை இயற்றியவர் வண்ணப் பரிமளப் புலவர். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களைக் கொண்ட சீறாப்புராணத்தை உமறுப் புலவர் வள்ளல் சீதக்காதியின் விருப்பத்தால் தொடங்கினார் என்பதும், வள்ளலின் மறைவுக்குப் பின் அபுல்காசிம் மரைக்காயர் ஆதரவளித்தார் என்பதும் நாம் அறிந்த செய்திகள். அரங்கேற்றத்திற்குக் கல்வி மட்டும் போதாது. அவையைக் கூட்டும் புரவலரும் வேண்டும். புரவலர் மறைந்தால் காப்பியமும் நின்றுபோகக்கூடிய நிலை அன்று இருந்தது. புரவலரை அடைய இயலாத புலவர் எத்துணையோ பேர்! அவர்தம் ஏடுகள் நமக்கு வந்து சேரவில்லை.

அச்சு இயந்திரம் வந்தபின் வாயில் மாறிற்று. 1879-இல் மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரம் வெளிவந்தது. அடுத்த ஆறே ஆண்டுகளில், 1885-இல், கண்டியைச் சேர்ந்த அறிஞர் சித்தி லெப்பை அசன்பே சரித்திரத்தை வெளியிட்டார். நாவல் என்னும் வடிவம் தமிழில் தவழத் தொடங்கிய பொழுதே முஸ்லிம் ஒருவரின் கை அதனைத் தாங்கிற்று என்பது நமக்குப் பெருமை தருவது. ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. சித்தி லெப்பை வழக்கறிஞர். முஸ்லிம் நேசன் என்னும் இதழைத் தாமே நடத்தியவர். அவருக்கு எவருடைய வாயிலிலும் நிற்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

நிற்க வேண்டியிருந்தவர் நாகூர் சித்தி ஜுனைதா பேகம். 1917-இல் பிறந்து, பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்று, இளமையிலேயே கணவரை இழந்த அப்பெண்மணி, கோஷா முறைக்குள் இருந்துகொண்டே எழுதினார். பா. தாவூத் ஷா அவர்களின் தாருல் இஸ்லாம் போன்ற இதழ்கள் அவர் எழுத்துக்கு இடம் அளித்தன. 1938-இல் காதலா? கடமையா? என்னும் அவருடைய நாவல் வெளிவந்தபோது தமிழ்த் தாத்தா உ. வே. சாமிநாத ஐயர் அதற்குப் பாராட்டுரை வழங்கினார். அவைக்குச் செல்ல இயலாத பெண்ணின் எழுத்து அஞ்சலில் சென்றது. அவையே அவரைத் தேடி வந்தது. இதழ் என்னும் வாயில் செய்த தொண்டு இது.

அதன்பின் அமைந்ததுதான் நாவல் பரிசுப் போட்டி. கலைமகள் இதழ் நாராயணசாமி ஐயர் பெயரால் நாவலுக்குப் பரிசளித்தது. 1946-இல் அப்பரிசைப் பெற்ற நூல் அகிலனின் பெண். நூலாசிரியர் செல்வரோ பேராசிரியரோ அல்லர்; தொடர்வண்டி அஞ்சல் பிரிவில் கடிதங்களைப் பிரித்து அடுக்கும் பணியில் வாழ்ந்தவர். அந்தத் தொடக்கத்திலிருந்து அவர் 1963-இல் சாகித்திய அக்காதெமிப் பரிசையும், 1975-ஆம் ஆண்டுக்குரிய ஞானபீடப் பரிசையும் எட்டினார். முறையாக உயர்கல்வி பெறாத ராஜம் கிருஷ்ணன் 1953-இல் பெண்குரல் என்னும் நாவலுக்காக அதே கலைமகள் பரிசைப் பெற்றார். புரவலர் இல்லாத எழுத்தாளருக்குப் போட்டி செய்யக்கூடிய நன்மை இதுவே. அது முடிவு நாள் ஒன்றைக் குறிக்கிறது. பாதியில் நின்ற நூலை முடிக்கச் செய்கிறது. முன்பின் அறியாத ஒருவரை அதனைப் படிக்கச் செய்கிறது. பரிசுத் தொகை செலவழிந்துவிடும். முடிந்த நூல் நிற்கும்.

இளைஞரின் முதல் வினாவுக்கு விடை ஈண்டு கிடைக்கிறது. பெயரைக் கண்டு ஒதுக்கும் உள்ளம் எக்காலத்தும் எங்கேனும் இருக்கலாம். அதற்கு மருந்து பெயரை மாற்றிக்கொள்வதன்று. எழுதியவர் பெயரைத் தனித்தாளில் வாங்கி, படியில் எண் மட்டும் இட்டு நடுவரிடம் அனுப்பும் போட்டியைத் தேர்ந்துகொள்வதே தக்கது.

இரண்டாம் வினாவுக்கு விடை தேங்காய்ப்பட்டினத்தில் இருக்கிறது. தோப்பில் முஹம்மது மீரான் மலையாள வழியில் பயின்றவர். மிளகாய் வணிகத்தில் ஈடுபட்டவர். தம் கடற்கரையில் மக்கள் பேசும் தமிழை, அரபும் மலையாளமும் கலந்த அந்த வழக்கை, அவ்வாறே எழுத்தில் வைத்தார். ஒரு கடலோர கிராமத்தின் கதை பரிசுப் போட்டியின் வழியாக வரவில்லை. முஸ்லிம் முரசு இதழில் தொடராக வந்து, 1988-இல் நூலாயிற்று. 1997-இல் சாய்வு நாற்காலிக்காகச் சாகித்திய அக்காதெமிப் பரிசு அவரைத் தேடி வந்தது. அவர் தம் மொழியைப் பொது நடையாகத் தேய்த்திருந்தால் அக்கடற்கரை தமிழ் இலக்கியத்தில் இடம்பெற்றிருக்குமா? நடுவரின் செவிக்கு ஏற்ப நாவைத் திருத்திக்கொள்பவர், தம்மிடம் மட்டுமே உள்ள ஒன்றை இழந்துவிடுகிறார். போட்டி பழகிய அழகை விரைவில் அறியும். புதிய அழகை அறிவதற்குச் சிலபோது காலம் தாழ்க்கும். ஆதலின் போட்டியை ஒரு வாயிலாகக் கொள்ளலாம். ஒரே வாயிலாகக் கொள்ளலாகாது.

பாடலாசிரியர்க்கும் வரலாறு சில செய்திகளை வைத்திருக்கிறது. இலங்கை விடுதலை பெற்ற 1948-இல், நாட்டுப் பண்ணைத் தேர்வதற்கு லங்கா காந்தர்வ சபை போட்டி ஒன்றை நடத்திற்று. பரிசு பெற்ற பாடலை எழுதியவரும் அதற்கு இசையமைத்தவரும் தேர்வுக் குழுவின் உறுப்பினர்களாகவே இருந்தனர். கண்டனம் எழுந்தது. அப்பாடல் நாட்டுப் பண்ணாக நிலைபெறவில்லை. 1951-இல் அரசு ஏற்றது ஆனந்த சமரக்கோன் முன்னரே இயற்றியிருந்த வேறொரு பாடலை. அதனைத் தமிழாக்கியவர் பண்டிதர் மு. நல்லதம்பி. நடுவரும் போட்டியாளரும் ஒருவராகும் இடத்தில், பாட்டு நல்லதாயினும் மக்கள் உள்ளம் அதனை ஏற்பதில்லை.

மலாயாவில் நிகழ்ந்தது வேறு. 1956-இல் அந்நாட்டுப் பண்ணுக்கென உலகளாவிய போட்டி அறிவிக்கப்பட்டது. 514 படைப்புகள் வந்தன. ஒன்றேனும் தகுதியுடையதெனக் கருதப்படவில்லை. முடிவில் பேராக் மாநிலப் பண்ணின் மெட்டே எடுத்துக்கொள்ளப்பட்டு, அதற்குப் புதிய சொற்கள் அமைக்கப்பட்டன. அந்த 514 பேரும் திறமையற்றவர்களா? அல்லர். தேர்வாளர் நாடிய பண்பு அவர்தம் பாடல்களில் அமையவில்லை, அவ்வளவே. நிராகரிப்பு ஒரு படைப்பைப் பற்றிய ஒரு குழுவின் ஒருநாள் தீர்ப்பு. அது படைத்தவரின் விதியன்று.

இவ்வரலாற்றோடு சட்டத்தையும் இளைஞர் அறிந்திருத்தல் வேண்டும். 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, நூலின் உரிமை எழுதியவர்க்கு அவர் வாழ்நாளும், மறைவுக்குப் பின் 60 ஆண்டுகளும் உண்டு. அவ்வுரிமையைப் பிறர்க்கு மாற்றுவதாயின் எழுத்தில் மாற்றவேண்டும். காலம் குறிக்கப்படாவிடில் ஐந்து ஆண்டுகள் என்றே கொள்ளப்படும். 2012-இல் வந்த திருத்தம், திரைப்படத்துக்கு எழுதிய பாடல் பிற வழிகளில் பயன்படும்போது வரும் உரிமத் தொகையில் பாடலாசிரியர்க்குச் சமபங்கு உண்டு என்பதையும் உறுதி செய்தது. ஆகவே விதிமுறைத் தாளில் சிற்றெழுத்தில் உள்ளதை முதலில் படியுங்கள். பரிசு பெறாத படைப்பின் உரிமையையும் தமக்கே எழுதித் தரும்படி கேட்கும் போட்டியிலிருந்து விலகுங்கள். நடுவர் யாவர் என்று சொல்லாது, நுழைவுக் கட்டணத்தை மட்டும் தெளிவாகச் சொல்லும் அறிவிப்பைக் கண்டால் தயங்குங்கள். படி ஒன்றை உங்களிடமே வைத்துக்கொள்ளாமல் எதனையும் அனுப்பாதீர்கள்.

போட்டி நடத்தும் நம் சமுதாய அமைப்புகளுக்கும் ஒரு வேண்டுகோள். மீலாது விழாக்களிலும் ஆண்டு விழாக்களிலும் கட்டுரைக்கும் கவிதைக்கும் பரிசளிக்கிறோம், நல்ல காரியம். ஆனால் பரிசு பெறாதவர்க்கு நாம் அளிப்பது யாது? நாபிகா ஹஸ்ஸானுக்குச் சொன்னது போல, எந்தச் சொல் எங்கே குறைந்தது என இரண்டு வரி எழுதி அனுப்பினால் போதும். பரிசு ஒருவருக்கே உரியது. காரணம் அனைவர்க்கும் உரியது.

அந்த இளைஞரிடம் இவற்றையெல்லாம் சுருக்கிச் சொன்னோம். சொற்களை மாற்றவேண்டாம் என்றோம். பிழைகளை மட்டும் திருத்தச் சொன்னோம். தம் உம்மாவின் பேச்சை நீக்குவதற்காகக் கோடிட்டு வைத்திருந்த பக்கங்களைப் புரட்டிப் பார்த்தார். அக்கோடுகளை அழித்துவிட்டு அனுப்புவதாகக் கூறி, மாலைப் பணிக்கு நேரமாயிற்று என்று அம்பத்தூர்ப் பேருந்தில் ஏறிச் சென்றார். பரிசு அவருக்குக் கிட்டுமோ, அல்லாஹ் ஒருவனே அறிவான். நூல் முடிந்துவிட்டது, அதில் அவருடைய உம்மா தம் சொந்த மொழியில் பேசுகிறார். இவ்விரண்டையும் எந்த நடுவரும் இனித் திரும்பப் பெற இயலாது.