யாழ்ப்பாணக் குடாநாட்டில் கட்டாக்காலி நாய்ப் பராமரிப்பு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் தெருக்களில் உரிமையாளர் இல்லாமலோ, இருந்தும் கட்டுப்பாடின்றியோ திரியும் நாய்களை மீட்டு, வைத்தியம் பார்த்து, உணவும் உறைவிடமும் கொடுக்கும் பணி இங்கு பெரும்பாலும் அறக்கட்டளைகள், தன்னார்வலர், தனி வீட்டார் ஆகியோரின் பொறுப்பில் நடைபெறுகிறது. நிறுவன அளவில் இதற்கென அமைந்தவற்றுள் பரவலாக அறியப்பட்டது, சிவபூமி அறக்கட்டளை இயக்கச்சியில் நடத்தும் நாய்கள் சரணாலயம். விசர்நாய்க்கடித் தடுப்பு, நாய்ப் பதிவு, கருத்தடை ஆகியவை சட்டப்படி அரச திணைக்களங்களுக்கும் உள்ளூராட்சி மன்றங்களுக்கும் உரியவை. இந்த இரு தரப்பின் வேலையும் ஒன்றையொன்று சார்ந்தது. தெருவில் குட்டிகள் பெருகுவது குறையாத இடத்தில் எந்தச் சரணாலயமும் விரைவில் நிரம்பிவிடும்.

மரபுப் பின்னணி

குடாநாட்டில் விலங்குகளுக்கான தருமம் புதிதன்று. பழைய வீதியோரங்களில் மடம், கேணி, சுமைதாங்கி ஆகியவற்றோடு ஆவுரோஞ்சிக்கல்லும் நாட்டப்பட்டது. மேய்ந்து திரும்பும் மாடுகள் தினவு தீர உடலை உரசிக்கொள்ளவே அந்தக் கல். அருகே அவை நீர் அருந்தத் தொட்டியும் கட்டப்பட்டது. வற்றாத ஆறுகள் இல்லாத, கிணற்றை நம்பி வாழும் நிலத்தில் கால்நடைக்குத் தண்ணீர் வைப்பது பெரிய புண்ணியமாகக் கருதப்பட்டது. இத்தகைய கற்கள் சில இன்றும் குடாநாட்டுத் தெருக்களில் நிற்கின்றன.

நாய்க்கு அத்தகைய நிறுவன ஏற்பாடு எதுவும் இருக்கவில்லை. வைரவரின் வாகனம் என்ற வகையில் அதற்குச் சமயத்தில் இடமுண்டு. குடாநாட்டில் வைரவர் கோயில் இல்லாத ஊரைக் காண்பது அரிது. வளவுக்குக் காவலாகவும் நாய் வேண்டப்பட்டது. ஆயினும் அது பெரும்பாலும் வீட்டுக்கு வெளியே, கட்டப்படாமல், மிஞ்சிய சோற்றில் வளர்ந்தது. பகலில் ஒழுங்கையிலும் இரவில் வளவிலும் இருக்கும் இந்த நாயை வீட்டு நாய் என்பதா தெரு நாய் என்பதா என்று வகுப்பது கடினம். இன்றுள்ள கட்டாக்காலிப் பிரச்சினையின் வேர் பெரிதும் இந்த வளர்ப்பு முறையிலேயே இருக்கிறது. பெண் குட்டிகளைச் சந்தையடியிலோ கோயில் வாசலிலோ ஆளில்லாத வெளியிலோ விட்டுவிட்டு வரும் பழக்கமும் இதனோடு சேர்ந்தது.

போரும் இடப்பெயர்வும்

உள்நாட்டுப் போரின்போது, 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி குடாநாட்டின் வலிகாமப் பகுதியிலிருந்து இலட்சக்கணக்கானோர் ஒரே இரவில் தென்மராட்சி, வடமராட்சிப் பகுதிகளை நோக்கி இடம்பெயர்ந்தனர். கையில் எடுக்கக்கூடியதை மட்டுமே எடுத்த அந்தப் பயணத்தில் வீட்டு விலங்குகள் பின்தங்கின. 2000ஆம் ஆண்டில் ஆனையிறவு, இயக்கச்சி, தென்மராட்சிப் பகுதிகளில் நடந்த சண்டைகளின்போதும் இதே நிலை. வலிகாமம் வடக்கில் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்ட ஊர்கள் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மக்களின்றிக் கிடந்தன. உரிமையாளர் திரும்பாத வளவுகளும் வெளிநாடு போனவர்களின் பூட்டிய வீடுகளும் நாய்கள் கேட்பாரின்றிப் பெருக இடமளித்தன. 2009இல் போர் முடிந்தபின் சந்தைகள், உணவகங்கள், இறைச்சிக்கடைகள் பெருகி, அவற்றின் குப்பை தெருவில் சேர்ந்ததும் நாய்களுக்கு உணவாயிற்று.

சட்டமும் அரச கொள்கையும்

இலங்கையில் நாய்கள் தொடர்பான அடிப்படைச் சட்டங்கள் பிரித்தானியர் காலத்தவை. 1893ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க விசர்நோய்க் கட்டளைச் சட்டம் தெருவில் திரியும் நாய்களைப் பிடிக்கவும் அழிக்கவும் அதிகாரம் அளித்தது. 1901ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க நாய்கள் பதிவுக் கட்டளைச் சட்டம், நாய் வளர்ப்போர் அதனை ஆண்டுதோறும் உள்ளூராட்சி மன்றத்தில் பதிவுசெய்ய வேண்டுமென விதித்தது. 1907ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க விலங்குக் கொடுமைத் தடுப்புக் கட்டளைச் சட்டம் கொடுமை செய்வோருக்கு விதித்த உச்சத் தண்டப்பணம் 100 ரூபாய். அன்று பெருந்தொகையாக இருந்த இது இன்று ஒரு கோப்பைத் தேநீருக்கே சரியாகப் போகும். இதற்கு மாற்றாக இலங்கைச் சட்ட ஆணைக்குழு 2006இல் வரைந்த விலங்கு நலச் சட்டமூலம் பல ஆண்டுகள் நிறைவேறாமல் இழுபட்டது.

தெருநாய்களைக் கொன்று ஒழிப்பதே நெடுங்காலம் உள்ளூராட்சி மன்றங்களின் வழக்கமாக இருந்தது. 2006இல் அரசு கொல்லாமைக் கொள்கையை அறிவித்தது. அதன்பின் தடுப்பூசியும் கருத்தடையும் நாய்க் கட்டுப்பாட்டின் வழிகளாயின. பிடித்த நாயை எங்கே விடுவது என்ற கேள்வி அதன் பிறகே எழுந்தது. கொல்ல முடியாது, தெருவில் விட்டால் அயலார் முறைப்பாடு செய்கின்றனர், வைத்துப் பராமரிக்க மன்றங்களிடம் இடமும் ஆளும் நிதியும் இல்லை. அறக்கட்டளைகள் நுழைந்தது இந்த இடைவெளியில்தான்.

விசர்நாய்க்கடி நோய்

நாய்களைக் கண்டு மக்கள் அஞ்சுவதற்கும் அரசு தலையிடுவதற்கும் முதற்காரணம் விசர்நாய்க்கடி நோய். நீர்வெறுப்பு நோய் என்றும் வழங்கும் இது, அறிகுறி தோன்றிவிட்டால் ஏறத்தாழ எப்போதும் மரணத்தில் முடியும். இலங்கையில் 1973இல் 377 பேர் இதனால் இறந்தனர். 1975இல் தேசியக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. நாய்களுக்கான இலவசத் தடுப்பூசியாலும் கடிபட்டவருக்கு அரச வைத்தியசாலைகளில் கிடைக்கும் இலவச ஊசியாலும் அண்மைக் காலத்தில் இந்த எண்ணிக்கை ஆண்டுக்கு ஏறத்தாழ 20 முதல் 30 வரை இறங்கியது. உலகில் ஆண்டுதோறும் சுமார் 59,000 பேர் இந்நோயால் இறப்பதாக மதிப்பிடப்பட்டுள்ளது. மனிதருக்குத் தொற்றுவதில் 99 சதவீதம் நாய்கள் மூலமே நிகழ்கிறது.

ஒரு பகுதியிலுள்ள நாய்களில் குறைந்தது 70 சதவீதத்துக்குத் தடுப்பூசி ஏற்றினால் நோய்ப் பரவல் அறுபடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். கட்டி வளர்க்கும் நாயைத் தடுப்பூசி முகாமுக்குக் கொண்டுவரலாம். கட்டாக்காலியைக் கொண்டுவர ஆளில்லை. சரணாலயத்தில் சேரும் நாய் ஒவ்வொன்றும் தடுப்பூசி பெற்றதாகிவிடுவதால், இரக்கத்தில் தொடங்கும் இப்பணி பொதுச் சுகாதாரத்துக்கும் பயன்படுகிறது.

கடிபட்டால் காயத்தைச் சவர்க்காரமிட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். காயத்தில் மிளகாய்த்தூள், சுண்ணாம்பு முதலியவற்றைப் பூசுவது தீங்கு தரும்.

சிவபூமி நாய்கள் சரணாலயம்

சிவபூமி அறக்கட்டளையின் தலைவர் ஆறு திருமுருகன். சமயச் சொற்பொழிவாளரான இவர் தெல்லிப்பழை துர்க்காதேவி தேவஸ்தானத்தின் தலைவரும் ஆவார். கோண்டாவிலில் சிறப்புத் தேவையுடைய சிறுவருக்கான பாடசாலை, சுட்டிபுரத்தில் முதியோர் இல்லம், நாவற்குழியில் 2018இல் திறக்கப்பட்ட திருவாசக அரண்மனை, அதன் அயலில் 2020இல் திறக்கப்பட்ட அரும்பொருட் காட்சியகம் ஆகியவை இந்த அறக்கட்டளையின் அறியப்பட்ட பணிகள். ஆதரவற்ற மனிதருக்கான இல்லங்களை நடத்திய அனுபவத்தோடு நாய்களுக்கும் ஓர் இல்லம் அமைத்தது இதன் தனித்தன்மை. இதன் பணிகளுக்கு உள்ளூரவரும் புலம்பெயர்ந்த தமிழரும் தரும் நன்கொடை பெருந்துணை.

சரணாலயம் அமைந்த இயக்கச்சி, ஏ9 வீதியில் ஆனையிறவுக்கு வடக்கே, பச்சிலைப்பள்ளிப் பிரிவில் உள்ளது. நிர்வாகப்படி இது கிளிநொச்சி மாவட்டம். நிலவமைப்பில் குடாநாட்டின் தென்கிழக்கு முனை. யாழ்ப்பாண நகரிலிருந்து 40 கிலோமீற்றருக்கும் அப்பாலுள்ள இப்பகுதி மணற்பாங்கானது, தென்னந்தோட்டங்கள் மிகுந்தது, குடியிருப்பு அடர்த்தி குறைந்தது. நெருக்கமான வலிகாமத்து ஊர்களில் நாய்க் காப்பகம் அமைத்தால் குரைப்பொலி, மணம், கழிவுநீர் கிணற்றில் கலக்குமோ என்ற அச்சம் ஆகியவற்றால் அயலவரின் எதிர்ப்பு எழும். இயக்கச்சி போன்ற திறந்த நிலத்தில் அந்தச் சிக்கல் குறைவு. தூரம் தரும் இடர் வேறு: நகரில் அடிபட்டுக் கிடக்கும் நாயை அவ்வளவு தொலைவு ஏற்றிச் செல்ல வாகனமும் எரிபொருளும் வேண்டும், வைத்தியரும் அங்கே போய்வர வேண்டும்.

மீட்பும் பராமரிப்பும்

காப்பகங்களுக்கு வரும் நாய்கள் பொதுவாக மூன்று வகை: வாகனத்தில் அடிபட்டவை, நோயுற்றவை, கைவிடப்பட்ட குட்டிகளும் முதிய நாய்களும். புதிதாக வரும் நாயை மற்றவற்றோடு உடனே சேர்ப்பதில்லை. குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரசு நோயும், நரம்பைத் தாக்கும் டிஸ்டெம்பரும் நெருக்கமான கூடுகளில் வேகமாகப் பரவுவதால் சில நாட்கள் தனியே வைத்துக் கவனிப்பது அடிப்படை ஒழுங்கு. பின்னர் பூச்சி மருந்து, உண்ணி நீக்கல், சொறிக்குச் சிகிச்சை, தடுப்பூசி, கருத்தடை என்று வரிசையாகச் செய்யப்படும். ஆண் நாய்களுக்கிடையே சண்டை மூளாமல் கூட்டம் பிரித்து அடைப்பதும், குட்டித்தாய்ச்சிகளுக்குத் தனியிடம் ஒதுக்குவதும் காப்பாளரின் அனுபவத்தைப் பொறுத்தவை.

உணவுச் செலவே நாளாந்தச் செலவில் பெரியது. சோற்றோடு மீன் அல்லது கோழிக் கழிவைச் சேர்த்து அவித்துக் கொடுப்பதே இங்கு வழக்கம். 2020இல் கொவிட் ஊரடங்கு அறிவிக்கப்பட்டு உணவகங்களும் சந்தைகளும் மூடப்பட்டபோது, குப்பையை நம்பியிருந்த தெருநாய்கள் பட்டினி கிடந்தன. 2022இன் பொருளாதார நெருக்கடியில் அரிசி விலை ஏறியது, எரிபொருளுக்கு வரிசை நீண்டது, மருந்துகளுக்கும் தட்டுப்பாடு ஏற்பட்டது. மாதச் சந்தா இல்லாமல் அவ்வப்போதைய நன்கொடையை நம்பும் காப்பகங்களை இத்தகைய காலங்களே கடுமையாகச் சோதிக்கின்றன.

கால்நடை வைத்தியர் பற்றாக்குறை மற்றொரு தடை. நாட்டில் கால்நடை வைத்தியப் பட்டம் வழங்கும் பீடம் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மட்டுமே உள்ளது. பிரதேசங்களிலுள்ள அரச கால்நடை வைத்திய அலுவலகங்களின் முதன்மைப் பணி மாடு, ஆடு, கோழி வளர்ப்போருக்கானது. எலும்பு முறிந்த நாய்க்குச் சத்திரசிகிச்சை செய்யும் வசதி அரிதாகவே கிடைக்கிறது.

கருத்தடையின் இன்றியமையாமை

நாயின் கர்ப்பகாலம் ஏறத்தாழ 63 நாட்கள். ஆண்டுக்கு இருமுறை ஈனக்கூடிய பெண் நாய், ஓர் ஈற்றில் நான்கு முதல் ஆறு குட்டிகள் வரை போடும். இலங்கையில் எட்டுப் பேருக்கு ஒரு நாய் என்ற விகிதத்தை மதிப்பீட்டுக்குப் பயன்படுத்துவது வழக்கம். ஏறத்தாழ ஆறு இலட்சம் மக்கள் வாழும் யாழ்ப்பாண மாவட்டத்துக்கு அதைப் பொருத்தினால் நாய்களின் தொகை எழுபதாயிரத்தைத் தாண்டும். சில நூறு நாய்களை வைத்திருக்கும் ஒரு காப்பகம் இத்தொகையில் ஒரு சதவீதத்தைக்கூடத் தொடாது.

கொழும்பு மாநகர எல்லையில் 2007இல் தொடங்கிய திட்டம் வேறு வழியைக் காட்டியது. மாநகர சபையும் புளூ போ அறக்கட்டளையும் சேர்ந்து பெண் நாய்களுக்குக் கருத்தடை, பரவலான தடுப்பூசி, பாடசாலை மாணவருக்கு நாய்க்கடித் தவிர்ப்புக் கல்வி ஆகியவற்றை ஒருங்கே நடத்தின. கருத்தடை செய்த நாய் தன் தெருவிலேயே விடப்பட்டது. பழகிய நாய்கள் ஓரிடத்தில் நிலைத்திருந்தால் புதிய நாய்கள் அங்கு நுழைவது குறையும். தடுப்பூசி பெற்றவையும் இடம் மாறாமல் இருக்கும்.

சென்னையின் முன்மாதிரி

தமிழரிடையே இத்துறையின் மூத்த அமைப்புகளுள் ஒன்று, கப்டன் வி. சுந்தரம் 1959இல் சென்னையில் தொடங்கிய இந்திய புளூ கிராஸ். தெருநாய்களைக் கொல்வதற்கு மாற்றாகக் கருத்தடையை 1960களிலிருந்தே அது வலியுறுத்தியது. சென்னை மாநகராட்சி 1990களின் நடுப்பகுதியில் அதை ஏற்றது. இந்திய அரசு 2001இல் நாய்களுக்கான பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளை வெளியிட்டு, 2023இல் புதிய விதிகளைக் கொண்டுவந்தது. தில்லிப் பகுதித் தெருநாய்களை எல்லாம் காப்பகங்களில் அடைக்குமாறு இந்திய உச்ச நீதிமன்றம் 2025 ஓகஸ்ட் 11இல் உத்தரவிட்டது. அதே மாதம் 22இல், தடுப்பூசியும் கருத்தடையும் செய்து பிடித்த இடத்திலேயே விடலாம் என்றும், விசர் பிடித்தவையும் ஆக்ரோஷமானவையும் இதற்கு விலக்கு என்றும் திருத்தியது. பெருநகரத்து நாய்கள் அனைத்தையும் அடைத்துவைக்க இடம் கிடையாது என்பது அந்த விவாதத்தில் தெளிவாயிற்று.

ஏனைய விலங்குகள்

குடாநாட்டு வீதிகளில் கட்டாக்காலி மாடுகளும் விபத்துக்குக் காரணமாகின்றன. இவற்றுக்கு உரிமையாளர் உண்டு என்பதால் உள்ளூராட்சி மன்றங்கள் பிடித்து அடைத்து, தண்டமும் பராமரிப்புச் செலவும் பெற்று விடுவிக்கின்றன. நெடுந்தீவில் ஐரோப்பியர் ஆட்சிக்காலத்துக் குதிரைகளின் வழிவந்தவை எனக் கருதப்படும் மட்டக்குதிரைகள் திறந்த வெளியில் வாழ்கின்றன. வறட்சியில் குடிநீரின்மையே இவற்றின் பெரும் இடர். குடாநாட்டுக்கு வெளியே, மன்னார் நகரில் சுமை இழுக்கும் வேலை போய்த் தெருவில் திரியும் கழுதைகளுக்காகத் தொண்டு நிறுவனம் ஒன்று வைத்தியசாலை அமைத்துள்ளது.

மதிப்பீடு

சரணாலயங்கள் மீது இருவகை விமர்சனங்கள் உள்ளன. மனிதத் தேவைகள் குவிந்துகிடக்கையில் நாய்க்குச் செலவு ஏன் என்பது ஒன்று. விசர்நாய்க்கடிக்கு ஆளாவோரில் பெரும்பங்கினர் சிறுவரும் வறியவரும் என்பதால் இந்தச் செலவு மனிதரையும் காக்கிறது என்பது இதற்கான பதில். மற்றைய விமர்சனம் கனமானது: காப்பகம் இருக்கிறது என்ற துணிவில் மக்கள் குட்டிகளைக் கொண்டுவந்து வாசலில் விடத் தொடங்குவர். பல நாடுகளிலும் காப்பகங்கள் காணும் அனுபவம் இது. ஏற்கும் நாய்களின் எண்ணிக்கைக்கு வரம்பு வைப்பதும், குட்டிகளைப் பொறுப்பான வீடுகளுக்குத் தத்துக் கொடுப்பதும், குட்டியுடன் வருபவரிடம் தாய் நாய்க்குக் கருத்தடை செய்ய ஒப்புதல் பெறுவதும் இதற்குரிய வழிகள்.

அடிபட்ட, நோயுற்ற, முதிய நாய்களுக்கு இயக்கச்சி போன்ற காப்பகங்களுக்கு மாற்று இல்லை. நல்ல உடல்நிலையிலுள்ள கட்டாக்காலிகளின் தொகையைக் குறைப்பது அவற்றின் வேலையன்று. அது பிரதேச சபைகளின் நாய்ப் பதிவிலும், கால்நடை வைத்திய அலுவலகங்களின் கருத்தடை முகாம்களிலும், குப்பை அகற்றலிலும், தன் பெண் நாய்க்குக் கருத்தடை செய்விக்கும் வீட்டாரிடத்திலும் தங்கியிருக்கிறது.