பறக்காத விமானங்களின் வரலாறு

‘அத்தைக்கு மீசை முளைச்சா சித்தப்பா’ என்பார்கள் நம்மூரில். நடக்காததை வைத்து வாதாடுகிறவனின் வாயை அடைக்க இது போதும். ஆனால் இரண்டாம் உலகப் போர் விமானங்கள் விஷயத்தில் அத்தைக்கு மீசை வரைவது ஒரு தனிக் கலையாகவே வளர்ந்திருக்கிறது. போர் 1945இல் முடியாமல் நீண்டிருந்தால் ஜெர்மன் விமானப் படை எந்த ஜெட்டுகளை, எந்த ராக்கெட் விமானங்களைப் பறக்க விட்டிருக்கும்? ‘லுஃப்ட் 46’ என்றே இந்த வகைக்குப் பெயர். ஓவியம், பிளாஸ்டிக் மாதிரி, படப் புத்தகம் என்று மேற்கத்திய நாடுகளில் இதற்கு ரசிகர்கள் ஏராளம். பொழுதுபோக்குதானே, இதில் என்ன அரசியல் என்று கேட்கலாம். பார்ப்போம்.

முழுக்க ஆகாயக் கோட்டை என்றும் தள்ளிவிட முடியாது. மெஸ்ஸர்ஷ்மிட் 109க்கு ஜெட் எஞ்சின் பூட்டும் யோசனை 1943இல் ஜெர்மனியிலேயே காகிதத்தில் இருந்தது. சோவியத்காரர்கள் அந்த வேலையைச் செய்தே காட்டினார்கள். யாக்-3இன் மூக்கிலிருந்த பிஸ்டன் எஞ்சினைக் கழற்றிவிட்டு, ஜெர்மன் ஜூமோ 004 ஜெட் எஞ்சினின் நகலை அங்கே பொருத்தி, 1946 ஏப்ரல் 24 அன்று யாக்-15 என்று பறக்க விட்டார்கள். எஞ்சின் கக்கிய சூட்டில் வால் சக்கரத்தின் ரப்பர் தாங்காது என்று இரும்புச் சக்கரம் மாட்ட வேண்டியிருந்தது. கற்பனையில் வராத சங்கடங்கள் இவை.

கற்பனை வரலாற்றின் இலக்கணம் ‘மட்டும்’ என்ற சொல்லில் நிற்கிறது. ‘ஹிட்லர் மட்டும் மெஸ்ஸர்ஷ்மிட் 262ஐக் குண்டு வீசும் விமானமாக்கச் சொல்லாமல் இருந்திருந்தால்...’ இது தோற்ற தளபதிகளின் கதையாடல். அடோல்ஃப் காலண்டின் நினைவுக்குறிப்பு 1953இல் வெளிவந்து இதைப் பரவலாக்கியது. ஆணை வந்தது 1944 மே மாதம், உண்மைதான். ஆனால் 1942 ஜூலையிலேயே ஜெட் பலத்தில் பறந்துவிட்ட இந்த விமானத்துக்கு எஞ்சின்தான் தயாராகவில்லை. நிக்கல், குரோமியம் தட்டுப்பாடு. மலிவான உருக்கில் அலுமினியம் பூசிச் சமாளித்தார்கள். எஞ்சினின் ஆயுள் 10 முதல் 25 மணி நேரம். ஆக, பழியை ஒரு பைத்தியக்காரன் தலையில் போட்டுவிட்டால் படையும் பொறியாளர்களும் முதலாளிகளும் கை கழுவிக்கொள்ளலாம்!

ராக்கெட் விமானத்தின் கதையும் இதேதான். மெஸ்ஸர்ஷ்மிட் 163 ‘கோமெட்’ 1941 அக்டோபரிலேயே மணிக்கு 1,000 கி.மீ. வேகத்தைத் தாண்டியது. ஆனால் எரிபொருள் ஏழெட்டு நிமிடத்தில் தீர்ந்துபோகும். அந்தத் திரவம் கசிந்து உடம்பில் பட்டால் விமானியின் சதை வெந்துபோகும். போர் முழுக்க அது வீழ்த்திய விமானங்கள் இருபதைக்கூட எட்டவில்லை. அடுத்தது ‘மக்கள் போர் விமானம்’ என்று பெயரிடப்பட்ட ஹைன்கல் 162. இதில் பாதி மரம். ஹிட்லர் இளைஞர் படைப் பிள்ளைகளை இதில் ஏற்றுவது திட்டம். 1944 செப்டம்பரில் முடிவெடுத்து டிசம்பர் 6இல் பறக்க விட்டார்கள். நாலே நாளில், பசை விட்டு இறக்கை பிய்ந்து, விமானி செத்தான்.

இதுவரை இயந்திரங்களைப் பற்றியே பேசிவிட்டோம். ரசிகர்களின் பிரதிகளும் இங்கேயே நின்றுவிடுகின்றன. இறக்கையின் சாய்வு எத்தனை பாகை என்று தெரியும். அதைச் செய்த கை யாருடையது என்று தெரியாது.

மெஸ்ஸர்ஷ்மிட் 262இன் உடற்பகுதிகள் ஆஸ்திரியாவில், சாங்க்ட் கியோர்கன் ஊரின் மலையைக் குடைந்த ‘பெர்க்கிரிஸ்டால்’ சுரங்கத்தில் உருவாயின. குடைந்தவர்களும் உள்ளே வேலை பார்த்தவர்களும் மௌட்ஹௌசனின் துணை முகாமான குசனின் கைதிகள். குசன் முகாம்களில் மாண்டவர்கள் 35,000 பேருக்குக் குறையாது. ஜூமோ எஞ்சின்களும் வி-2 ராக்கெட்டுகளும் ஜெர்மனியில் நோர்ட்ஹௌசன் பக்கத்துச் சுரங்கங்களில் உருவாயின. அங்கிருந்த மிட்டல்பௌ-டோரா முகாமில் சுமார் 60,000 பேர் அடைபட்டு, சுமார் 20,000 பேர் செத்தார்கள்.

இப்போது அந்த ஓவியங்களைத் திரும்பப் பாருங்கள். வானம் நீலம், விமானம் பளபளக்கிறது. ஜெர்மனியில் விற்கும் மாதிரிப் பெட்டிகளில் ஸ்வஸ்திகாவை அச்சிடுவதில்லை, சட்டம் விடாது. சின்னத்தை நீக்கியதும் விமானம் ‘சுத்தமாகி’விடுகிறது. வரைகிறவர்கள் எல்லோரும் நாஜிகள் என்று நான் சொல்லவரவில்லை. பெரும்பாலோர் இயந்திரத்தின் அழகில் சொக்கிப்போனவர்கள். ஆனால் அந்தப் படத்தின் தேதியைக் கவனிக்க வேண்டும். குசன் கைதிகள் விடுதலையானது 1945 மே 5. படத்தில் உள்ள விமானம் 1946இல் பறக்க வேண்டுமென்றால் அந்தச் சுரங்கம் இன்னும் ஒரு வருஷம் ஓடியிருக்க வேண்டும். அந்த ஒரு வருஷத்துக்கு எத்தனை உயிர்? ஓவியத்தின் விலை அதுதான். அதைச் சட்டகத்துக்கு வெளியே தள்ளிய பிறகே அழகு சாத்தியமாகிறது.

நாமும் இந்தக் கதைக்கு வெளியே இல்லை. ஃபோக்கே-வுல்ஃப் 190ஐ வடிவமைத்த குர்ட் டேங்க், போருக்குப் பின் அர்ஜென்டினா போய் ‘புல்கி 2’ ஜெட்டைச் செய்தார். 1956இல் பெங்களூர் வந்தார். அவர் வடிவமைத்த மாருத் 1961 ஜூன் 17இல் பறந்தது. எஞ்சின் பலம் போதாததால் திட்டமிட்ட வேகத்தை அது எட்டவே இல்லை. ‘தகுந்த எஞ்சின் மட்டும் கிடைத்திருந்தால்...’ என்ற பெருமூச்சு இங்கேயும் உண்டு. தேச பக்தியும் அதே இலக்கணத்தில்தான் பேசுகிறது.

‘இருந்திருந்தால்’ என்று கேட்பதே தப்பு என்பதில்லை. தோற்றவர்கள், ஒடுக்கப்பட்டவர்கள் அப்படிக் கேட்காமல் வரலாற்றைத் திருப்பிப் படிக்க முடியாது. யாருடைய ‘இருந்திருந்தால்’ என்பதுதான் பிரச்சினை. டோராவின் சுரங்கத்தில் கைதிகள் நாசவேலை செய்தார்கள். பிடிபட்டவர்களை, ஏன், சந்தேகப்பட்டவர்களையும் 1945 மார்ச்சில் கூட்டம் கூட்டமாகத் தூக்கிலிட்டார்கள். சுரங்கத்துக்குள்ளேயே, கிரேனில் கட்டி, மற்றவர்கள் கண்முன்னால். பற்றவைப்பைப் பலவீனமாக்கிய அந்தக் கைக்கும் ஒரு எதிர்காலக் கற்பனை இருந்தது: இந்த விமானம் பறக்காத உலகம். அதை வரைய இதுவரை யாரும் பெட்டி போடவில்லை.