வியூ சோர்ஸ் என்ற பள்ளிக்கூடம்

புனேயில் எங்கள் அலுவலகத்துக்கு வருடா வருடம் புதுப் பிள்ளைகள் வந்து சேர்வார்கள். எந்த ஊர், எந்த பாஷை என்றாலும் கேள்வி ஒன்றுதான்: ஃபிரன்ட் எண்ட் கற்றுக்கொள்ள எந்த கோர்ஸில் சேரலாம்? இந்தத் தொழிலின் முதல் தலைமுறையில் பெரும்பாலோர் எந்த கோர்ஸிலும் சேராதவர்கள் என்று சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். பிறகு எப்படித்தான் கற்றார்கள்? கொஞ்சம் பழைய கதை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

1993 ஏப்ரல் 30 அன்று ஜெனீவாவில் உள்ள செர்ன் ஆய்வுக்கூடம், வலைக்கான தன் மென்பொருளை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுவில் விட்டது. பெரிய மனசுதான். ஆனால் அதைவிட முக்கியமாக எனக்குப் படுவது வேறு. சி-யில் எழுதிய நிரல் நம் கைக்கு வரும்போது 0, 1 என்று மாறிப்போயிருக்கும். எட்டிப்பார்க்க வழியில்லை. எச்.டி.எம்.எல். அப்படியில்லை. எழுதினவர் எழுதினபடியே நம் கணினிக்கு வந்தாக வேண்டும். ரைட் கிளிக், வியூ சோர்ஸ், அவ்வளவுதான். சமையலறைக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு பரிமாறும் ஓட்டல் மாதிரி! தமிழில் 2003, 2004 வாக்கில் வலைப்பதிவு தொடங்கியவர்களிலும், நிரலே தெரியாத பலர் யாரோ கொடுத்த நாலு வரியை அடைப்பலகையில் ஒட்டி, எது உடைகிறது என்று பார்த்துத்தான் பழகினார்கள்.

பார்த்து எழுதுவதில் ஒரு சங்கடம், பிழையும் கூடவே வந்துவிடும். 90களில் எல்லோரும் பார்த்து எழுதியது டேபிள். கணக்கு வழக்குக்கு வந்த டேபிளை வைத்துப் பக்கத்தையே கட்டினார்கள். டேபிளுக்குள் டேபிள், இடைவெளிக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஜிஃப் படம். உலாவிகள் எல்லாம் ஒரே தரத்தைப் பின்பற்ற வேண்டும் என்று 1998-ல் வெப் ஸ்டாண்டர்ட்ஸ் ப்ராஜெக்ட் கிளம்பியது. சி.எஸ்.எஸ்.ஸில் கட்டினால் பக்கம் வெறும் பெட்டியாக இருக்கும் என்று வடிவமைப்பாளர்கள் அலுத்துக்கொண்டார்கள்.

2003 மே மாதம் கனடாவைச் சேர்ந்த டேவ் ஷே, சி.எஸ்.எஸ். ஜென் கார்டன் என்று ஒன்றைத் திறந்தார். எச்.டி.எம்.எல். கோப்பு ஒன்றே ஒன்று, அதைத் தொடக்கூடாது. சி.எஸ்.எஸ்.ஸை மட்டும் மாற்றி யாரும் அனுப்பலாம். 200க்கும் மேற்பட்ட வடிவங்கள் சேர்ந்தன. ஒரே எழுத்து ஒரு பக்கத்தில் தோட்டமாகவும் இன்னொன்றில் சினிமா போஸ்டராகவும் தெரியும். எனக்குப் பிடித்தது அதன் நிபந்தனை: படங்களின் உரிமை வரைந்தவருக்கே, ஆனால் சி.எஸ்.எஸ்.ஸை மற்றவர்கள் படித்துக் கற்க கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கொடுத்துவிட வேண்டும். நூறு பக்க விளக்கத்தைவிட இரண்டு வடிவங்களை அருகருகே திறந்துவைத்துப் படித்தவர்கள் அதிகம் கற்றிருப்பார்கள்.

உலாவிக் கோளாறுகளும் இப்படிக் கைமாறித்தான் தீர்ந்தன. 300 பிக்சல் அகலப் பெட்டி, இருபக்கமும் 20 பேடிங், 5 பார்டர். தரத்தின்படி மொத்தம் 350. விண்டோஸின் ஐ.இ. 5 எல்லாவற்றையும் 300-க்குள்ளேயே அடக்கிவிடும். இதற்கு ஒரு குறுக்குவழி கண்டுபிடித்துக் கொடுத்த டான்டெக் செலிக், மைக்ரோசாஃப்டிலேயே மேக் பதிப்பில் வேலை பார்த்தவர். (வேடிக்கை என்னவென்றால், ஐ.இ.யின் கணக்கே வசதி என்று பிற்பாடு பார்டர்-பாக்ஸ் என்ற பெயரில் சி.எஸ்.எஸ்.ஸுக்குள் வந்துவிட்டது. 2013-ல் வந்த பூட்ஸ்ட்ராப் 3-ல் அதுதான் இயல்புநிலை.)

இப்போது பெரிய தளங்களில் வியூ சோர்ஸ் போட்டால் கண்ணைக் கட்டும். ரியாக்ட், சுருக்கிய ஜாவாஸ்க்ரிப்ட், ஒரே வரியில் ஆயிரக்கணக்கான எழுத்துகள். வேகத்துக்காகச் செய்வது, குறை சொல்ல முடியாது. ஆனால் சமையலறைக் கதவு சாத்தியாகிவிட்டது. அதனால் கையேட்டின் மேல்தான் பாரம் ஏறிவிட்டது.

அந்தக் கையேடு ஒருமுறை காணாமலே போனது. நெட்ஸ்கேப் நடத்திய டெவ்எட்ஜ் தளத்தை 2004 அக்டோபரில் அதன் முதலாளி ஏ.ஓ.எல். மூடிவிட்டது. அத்தனை வருடக் கட்டுரைகளும் கம்பெனிச் சொத்து. மொசில்லா போய்ப் பேசி, 2005-ல் அனுமதி வாங்கி, யாரும் திருத்தக்கூடிய விக்கியாக அதைத் தொடங்கியது. இன்றைய எம்.டி.என். பிறந்த கதை இதுதான்.

2020 ஆகஸ்டில் மொசில்லா சுமார் 250 பேரை வேலையை விட்டு அனுப்பியபோது எம்.டி.என். எழுதிக்கொண்டிருந்தவர்களும் அதில் இருந்தார்கள். மறுபடி டெவ்எட்ஜ் கதைதான் என்று வயிற்றைக் கலக்கியது. ஆனால் இம்முறை எழுத்தெல்லாம் கிரியேட்டிவ் காமன்ஸ். யாரிடமும் போய்க் கேட்டு நிற்க வேண்டியதில்லை. டிசம்பரில் மொத்தமும் கிட்ஹப்புக்குப் போனது. 2021 ஜனவரியில் ஓப்பன் வெப் டாக்ஸ் என்ற அமைப்பு, கூகுளும் மைக்ரோசாஃப்டும் காசு போட, சம்பளம் கொடுத்து எழுத ஆள் வைத்தது. கடைக்கோடி ஊரில் இருப்பவரும் அதில் தப்பு கண்டால் திருத்தி ஒரு புல் ரிக்வெஸ்ட் அனுப்பலாம். யாராவது படித்துப் பார்த்து, சரியென்றால் சேர்த்துக்கொள்கிறார்கள்.