புகையில்லா அடுப்பு ஏன் புகைந்தது?

ஊதாங்குழலை ஊதி ஊதியே கண் மங்கிப்போன தாய்மார்களை நம் தலைமுறை நன்றாக அறியும். அந்தப் புகையை ஒழிக்க, 1950-களிலேயே ஹைதராபாத் பொறியியல் ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த எஸ்.பி. ராஜு, புகைபோக்கி வைத்த மண் அடுப்பைப் பரப்ப முயன்றார். 1980-களில் மத்திய அரசு அதைத் தேசியத் திட்டமாக எடுத்துக்கொண்டது. 'புகையில்லா அடுப்பு' நம் கிராமங்களுக்கும் வந்தது.

அதன் சூட்சுமம் எளியது. சூடான புகை குழாய்வழியே மேலேறும்போது, அடுப்பின் வாய்வழியே புதுக்காற்றை உள்ளே இழுக்கும். இழுவை கெட்டால் புகை அடுக்களைக்குள் திரும்பும். குழாயில் கரி அடைந்தாலும், இரண்டாவது கண்ணைப் பானை வைக்காமல் திறந்துவிட்டாலும் இழுவை போய்விடும். வாய் நிறைய விறகைத் திணித்தால் காற்று நுழையாது. ஈர விறகோ, நீர் வற்றும்வரை புகைந்துகொண்டே இருக்கும். மழைக்கால விடியலில் குழாய் குளிர்ந்து கிடக்கும். முதலில் காய்ந்த ஓலையைக் கொளுத்திக் குழாயைச் சூடேற்ற வேண்டும்.

அடுப்பைக் கட்டிக்கொடுத்ததோடு பலரும் போய்விட்டார்கள். குழாயில் அடைந்த கரியை எப்படி எடுப்பது என்று சொல்லித்தர ஆளில்லை. பல வீடுகளில் அதை இடித்துவிட்டுப் பழைய அடுப்புக்கே திரும்பினார்கள். 2002-இல் திட்டமும் முடிந்தது. ஊதாங்குழல் மட்டும் எரிவாயு வரும்வரை ஓயவில்லை.