சபைநீக்கம்

ஒருவரைச் சபை விலக்கிவிட்டால் தமிழ்க் கிறிஸ்தவர்கள் அதைச் சொல்லும் விதம் இடத்துக்கு இடம் மாறும். ‘பந்தியிலிருந்து நிறுத்திட்டாங்க’ என்பார் ஒருவர். ‘தள்ளி வச்சிட்டாங்க’ என்பார் தோட்டத்து லயத்தில் வளர்ந்த மூத்தவர். யெகோவாவின் சாட்சிகளின் தமிழ் வெளியீடுகளில் நெடுங்காலம் வழங்கிய சொல் ‘சபைநீக்கம்’. மூன்றும் ஒரே தண்டனையின் பெயர்கள் போலத் தோன்றும். ஆளை எந்தப் பந்தியிலிருந்து எழுப்புகிறார்கள் என்று கேட்டால் வித்தியாசம் தெரியவரும்.

மலாக்காவுக்கு இந்தத் தண்டனை மிகப் பழையது. 1552இல் பிரான்சிஸ் சவேரியார் சீனாவுக்குப் போகும் வழியில் இங்கே வந்தார். அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன் முத்துக்குளித்துறைப் பரதவரிடையே தமிழில் மன்றாட்டுகளைச் சொல்லிக்கொடுத்தவர் அவர். சீனத்துக்குத் தூதராகப் போகவிருந்த தியோகு பெரேரா அவருடைய நண்பர். வாஸ்கோ ட காமாவின் மகன் ஆல்வரோ தெ அத்தாயிதே அப்போது மலாக்காவில் அதிகாரத்தில் இருந்தார். பெரேராவைப் போகவிடாமல் அவர் தடுத்தார். கப்பலின் சுக்கானையே கழற்றி வைத்துக்கொண்டார். கெஞ்சிப் பார்த்தும் பலனில்லாமல் போகவே, தாம் போப்பாண்டவரின் தூதர் என்பதைச் சவேரியார் வெளிப்படுத்தினார். போப்பின் தூதரைத் தடுப்பவர் திருச்சபைக்கு வெளியே நிற்கிறார் என்பது சட்டம். அந்த விலக்கை முறைப்படி அறிவிக்கச் சொல்லி, சிங்கப்பூர் நீரிணையிலிருந்து கோவாவுக்குக் கடிதம் எழுதிவிட்டுப் புறப்பட்டார். அதே ஆண்டு டிசம்பர் 3ஆம் தேதி சீனக் கரையோரத் தீவு ஒன்றில் இறந்தார். மறு ஆண்டு அவர் உடல் மலாக்காவுக்கு வந்து, செயின்ட் பால் குன்றின் மேலுள்ள கோவிலில் சில மாதங்கள் புதைக்கப்பட்டிருந்தது. கீழே 1849இல் பிரெஞ்சுப் பாதிரியார் பாவ்ரே கட்டத் தொடங்கிய தேவாலயம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

இந்த நிகழ்ச்சியில் விலக்கப்பட்டவரிடம் கோட்டையின் அதிகாரம் இருந்தது, விலக்கச் சொன்னவரிடம் அது இல்லை. அந்த விலக்கு தொட்டது நற்கருணையை. விலக்கைக் குறிக்கும் லத்தீன் சொல்லின் பொருளும் அதுதான்: திருவிருந்தின் உறவுக்கு வெளியே. கோட்டைச் சமையலறையில் ஆல்வரோவுக்குச் சோறு போடாதே என்று யாரும் சொல்லவில்லை. மனம் திரும்பிப் பாவசங்கீர்த்தனம் செய்தால் திரும்பி வரவும் வழி இருந்தது.

தமிழ்நாட்டில் கதை வேறு. ‘சபை’ என்பது கிறிஸ்தவர்கள் கண்டெடுத்த சொல் அல்ல. சோழர் காலப் பிராமண ஊர்களின் ஆட்சி மன்றத்துக்கு அதுதான் பெயர். முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை, சபையின் வாரியங்களுக்கு யார் தகுதியற்றவர் என்று நீளமாகப் பட்டியலிடுகின்றன. கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய உறவினரும் ஆகாதவர்கள். ஒருவர் செய்த தவறு அவர் சுற்றத்தின் மேலும் விழும் என்ற எண்ணம் கல்லிலேயே இருக்கிறது. ஊர்விலக்கு அதையே முழு வாழ்க்கைக்கும் நீட்டியது. வண்ணார் துணி எடுக்கமாட்டார், நாவிதர் வாசலுக்கு வரமாட்டார், கிணற்றில் தண்ணீர் இல்லை, கல்யாணத்துக்கு அழைப்பில்லை, சாவுக்குப் பாடை தூக்க ஆளில்லை. ‘தள்ளி வைத்தல்’ என்பதன் முழு எடை இதுதான். திருச்சபையின் விலக்கு தமிழுக்குள் வந்தபோது இந்த எடையும் அதன் மேல் ஏறிக்கொண்டது.

பழைய தமிழ் வேதாகமத்தில் ஜெப ஆலயத்திலிருந்து ஆளை விலக்குவதற்குப் ‘புறம்பாக்கு’ என்ற வினை வருகிறது. புறம் என்றால் வெளி, வெறும் இடப்பொருள். ‘சபைக்குப் புறம்பு’ என்ற தொடரில் அது ஆளின் மேல் ஒட்டிக்கொண்டது. எதிர்ப்பக்கத்தில் இன்னொரு சொல் நின்றது: மனச்சாட்சி. மனத்துக்குள் இருந்து பேசும் சாட்சி. வள்ளுவர் அதை நெஞ்சு என்றே சொல்லி, பொய்த்தவனை அதுவே சுடும் என்றார். சாட்சியாக அதைக் கூண்டில் ஏற்றியது பிற்காலத் தமிழ்.

இந்த இரண்டு சொல்லும் நேருக்கு நேர் மோதியதைப் பார்க்க 19ஆம் நூற்றாண்டுத் தஞ்சாவூருக்கும் பாளையங்கோட்டைக்கும் போக வேண்டும். வேதநாயக சாஸ்திரியார் பாட்டில்லாத தமிழ்ப் புரொட்டஸ்டண்ட் ஆலயத்தைத் தேடினாலும் காண்பது அரிது. அவர் புதிய மிஷனரிகளோடு 1820களில் முரண்பட்டார். பழைய வேதாகம மொழிபெயர்ப்பை மாற்றியது, பண்டிகைப் பாட்டுகளைத் தடுத்தது, ஆலயத்தில் சாதிவாரி இருக்கையை ஒழிக்க முயன்றது எல்லாம் அவருக்கு உடன்பாடில்லை. மிஷன் வேலை போயிற்று. பள்ளித்தோழரான சரபோஜி மன்னர்தான் கை கொடுத்தார். சாதி இருக்கை விஷயத்தில் சாஸ்திரியார் பக்கம் நான் நிற்க முடியாது. அதில் மிஷனரிகள் சொன்னதே நியாயம். ஆனால் அவர் மனமறிந்து நின்றார் என்பதை மறுக்கவும் முடியாது. மனச்சாட்சி சரியாகவே பேசும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. அவர் எதிர்த்த புதிய மொழிபெயர்ப்பைச் செய்தவர் பாளையங்கோட்டை மிஷனரி ரேனியஸ். அந்த ரேனியஸையே 1835இல் அவருடைய மிஷனரி சங்கம் நீக்கியது. இங்கிலாந்துத் திருச்சபையின் முறைகளைத் தம் மனம் ஒப்பாமல் அச்சில் விமர்சித்தார் என்பது காரணம்.

மலாக்காத் தோட்டங்களுக்கு இந்தச் சொற்கள் கங்காணிகளோடு வந்த குடும்பங்களின் வாயில் வந்தன. டான் சாய் யான் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்ட பிறகு ஜாசினிலும் மெர்லிமாவிலும் அலோர் காஜாவிலும் தோட்டங்கள் பெருகின. கங்காணி தன் ஊரிலும் உறவிலும் ஆள் திரட்டியதால் ஊரே பெயர்ந்து வந்து லயத்தில் குடியேறிற்று. அங்கே ஒருவரைத் தள்ளி வைப்பது லேசான காரியமில்லை. காலைப் பெரட்டில் அடுத்து நிற்பவர், நிரையில் பக்கத்து மரத்தைச் சீவுபவர், ஒரே பலகைச் சுவருக்கு அப்பால் இருமுபவர். அவரிடம் எத்தனை நாள் பேசாமல் இருக்க முடியும்? தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் தாமான் வீடுகளுக்குப் போனதும் அந்த நெருக்கடி கலைந்தது. தண்ணீர் குழாயில் வரும், முடி வெட்டக் கடை உண்டு. ஊர்விலக்கின் பழைய ஆயுதங்கள் மழுங்கின. மிச்சம் இருப்பது குடும்பம் ஒன்றுதான். கண்டிப்பான சபைகளின் விலக்கு இன்று விழுவதும் அங்கேதான்.

யெகோவாவின் சாட்சிகள் 1952 முதல் சபைநீக்கத்தை முறையாக நடைமுறைப்படுத்தினார்கள். 1981இல், தாமாக விலகியவர்களையும் நீக்கப்பட்டவர்களைப் போலவே நடத்த வேண்டும் என்று விதி கடுமையானது. அதே ஆண்டின் இறுதியில் ரேமண்ட் பிரான்ஸ் நீக்கப்பட்டார். அந்த அமைப்பின் ஆளும் குழுவில் 1980 வரை இருந்தவர் அவர். அதன் தலைவர் அவருடைய சொந்தச் சித்தப்பா. குற்றச்சாட்டு என்ன? சபையைவிட்டு விலகியிருந்த தம் வீட்டுக்காரரோடு உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிட்டது. 1983இல் அவர் எழுதிய நூலின் தலைப்பிலேயே மனச்சாட்சி இருக்கிறது.

இதே சமூகத்தின் கேரளப் பிள்ளைகள் மூவர் 1985இல் தேசிய கீதத்துக்கு எழுந்து நின்றும் பாடாததால் பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். 1986இல் உச்ச நீதிமன்றம், நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதிய தீர்ப்பில், அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. இந்திய அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு மனச்சாட்சிச் சுதந்திரத்தைப் பெயர் சொல்லிக் காக்கிறது. அந்தப் பிள்ளைகளுக்காக நான் மனமார மகிழ்கிறேன். அதே மகிழ்ச்சியோடுதான் கேட்கிறேன்: பள்ளிக்கூடத்தின் முன் மதிக்கப்பட்ட மனச்சாட்சி மூப்பர்களின் முன் ஏன் குற்றமாகிறது?

நீதிமன்றம் இதற்குப் பதில் சொல்லாது. மலேசிய அரசியலமைப்பின் 11ஆம் பிரிவு ஒவ்வொரு மதக்குழுவும் தன் மத விவகாரங்களைத் தானே நடத்திக்கொள்ள உரிமை தருகிறது. கனடா உச்ச நீதிமன்றமும் 2018இல் ஹைவுட் சபை வழக்கில், சபைநீக்கத்தைத் தான் மறுஆய்வு செய்ய முடியாது என்றது. எனக்கும் அதில் வருத்தமில்லை. தன் திருவிருந்தில் யார் அமரலாம் என்று ஒரு சபை தீர்மானிக்கலாம். தாய் வீட்டுச் சோற்றையும் சேர்த்துத் தீர்மானிக்கும் உரிமையை அதற்கு யாரும் கொடுக்கவில்லை.

யெகோவாவின் சாட்சிகளின் பத்திரிகையான காவற்கோபுரத்தின் 2024 ஆகஸ்டு இதழில் சபைநீக்கத்துக்கான பழைய ஆங்கிலச் சொல் கைவிடப்பட்டு, ‘சபையிலிருந்து நீக்கப்பட்டவர்’ என்ற பொருள் தரும் தொடர் வந்தது. நீக்கப்பட்டவர் கூட்டத்துக்கு வந்தால் சுருக்கமாக ஒரு வணக்கம் சொல்ல இப்போது இடமுண்டு. சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட இன்னும் இடமில்லை.