கடன் போக மீதிதான் பாகம்

தாம்பரத்தைச் சுத்தி முடிச்சூர், மணிமங்கலம், படப்பைன்னு எங்க போனாலும் இப்ப பாகப்பிரிவினைப் பேச்சுதான். ஏக்கர்ல பேசின நிலத்தை சென்ட்ல பேசறோம். அப்பாவுக்குக் காரியம் முடியறதுக்குள்ள அளக்கறவர் வந்து நிக்கிறார். யாருக்கு எத்தனை சென்ட்னு எல்லாரும் கேக்கறாங்க. அவர் யாருக்கு எவ்வளவு தரணும்னு கேக்கறவங்க கம்மி.

இதுல நம்ம சீமைக்கு ஒரு பெரிய கதையே இருக்கு. ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜா சண்டைச் செலவுக்கும் ஆடம்பரத்துக்கும் கடன் மேல கடன் வாங்கினார். கம்பெனிக்குப் பாக்கி, பால் பென்ஃபீல்டு மாதிரி கம்பெனி உத்தியோகஸ்தர்களுக்குத் தனிப் பாக்கி. 1763-ல் செங்கல்பட்டுச் சீமையைக் கம்பெனிக்கு ஜாகீரா விட்டுக் கொடுத்தார். நாம உழற மண்ணு அதுக்குள்ளதான் இருந்தது. கம்பெனி அதை அவருக்கே குத்தகைக்கு விட்டுட்டு, 1780-ல் தானே எடுத்துக்கிச்சு.

நவாப் 1795-ல் இறந்தார். மகன் உம்தத்-உல்-உமராவுக்கு பட்டத்தோட கடனும் வந்தது. அவரும் 1801-ல் போனதும் கர்நாடகம் முழுக்கக் கம்பெனி கைக்குப் போயிடுச்சு. பேருக்கு ஒரு நவாப், வருமானத்துல அஞ்சுல ஒரு பங்கு, அவ்வளவுதான். பழைய கடனை விசாரிக்க 1805-ல் கமிஷன் போட்டாங்க. ஏறக்குறைய 25 வருஷம் உக்காந்தாங்க. கடன்காரங்க கேட்டது 3 கோடி பவுனுக்கு மேல. நிஜம்னு ஏத்துக்கிட்டது 27 லட்சத்துக்குள்ள. பத்துல ஒரு பங்கு கூட தேறலை! செத்தவர் பேர்ல எவ்வளவு வேணும்னாலும் எழுதிக்கலாம், எழுந்து வந்து இல்லைன்னு சொல்லவா போறார்? தேறின அந்தக் கடனையும் அடைச்சது நம்ம மாதிரி குடியானவன் கட்டின வரிதான்.

நம்ம வீடுகள்ல அப்பா கடனை மகன் தீர்க்கணும்ங்கறது பழைய தர்மம். கோர்ட்டும் அதை ஒத்துக்கிட்டது, பூர்வீகச் சொத்து அளவுக்கு. சூதுக்கும் குடிக்கும் வாங்கின கடன் மகனைக் கட்டாது. 1938-ல் ராஜாஜி மந்திரிசபை விவசாயிக் கடன் நிவாரணச் சட்டம் கொண்டு வந்தது. 1932 அக்டோபருக்கு முன்னாடி வாங்கின கடனுக்கு, 1937 அக்டோபர் 1 வரை நின்ன வட்டி ரத்து. அசலைப் போல ரெண்டு மடங்கு ஏற்கனவே கட்டியிருந்தா கடனே தீர்ந்தது. பாட்டன் கடன்ல முழுகிக் கிடந்த எத்தனையோ குடும்பத்துக்கு அதுதான் மூச்சு.

2005 செப்டம்பர் 9-க்குப் பிறகு வாங்கின கடனுக்கு, மகன்ங்கற ஒரே காரணத்துக்காக யாரையும் பிடிக்க முடியாது. அதனால அப்பாவோட கடனும் போச்சுன்னு சில பேர் சொல்லித் திரியறாங்க. தப்பு. அவர் விட்டுட்டுப் போன சொத்து கடனுக்குப் பதில் சொல்லியே ஆகணும். நம்ம கைக்கு வந்த அளவுக்கு மேல கேக்க முடியாது, அவ்வளவுதான். உயில் இருந்தாலும் 1925 வாரிசுரிமைச் சட்டத்துல வரிசை இருக்கு: ஈமச் செலவு, கோர்ட்டுச் செலவு, கடைசி மூணு மாசத்துக்கு வேலைக்காரங்க கூலிப் பாக்கி, அப்புறம் மத்த கடன். எல்லாம் போகத்தான் உயில்ல எழுதினவங்களுக்கு. கூலிக்காரனை மேல வச்ச அந்த வரி எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

எங்க பக்கம் நடக்கறது வேற. ஊர்லயே இருந்து உழுத அண்ணன் தலையில கடன், வேலைக்குப் போன தம்பிங்களுக்கு மனை. "நீதானே அப்பா கூட இருந்தே"ன்னு ஒரு வார்த்தை. இல்லன்னா, பொண்ணுங்களுக்கும் இப்ப சம பங்கு இருக்கே, அந்தக் கோபத்துல தங்கச்சி பங்குல மட்டும் கழிக்கறது. எங்க அப்பா போனப்ப சொசைட்டி பயிர்க்கடனும் ஒரு புரோநோட்டும் நின்னுது. மேட்டு நிலத்துல 12 சென்ட் வித்து ரெண்டையும் தீர்த்துட்டு, மீதியைத்தான் நாலு பேரும் பிரிச்சோம், தங்கச்சியும் சேர்த்து.

ஒரு விஷயம் கவனிங்க. அடமானக் கடன் எழுதிப் பதிஞ்சிருந்தா வில்லங்கச் சான்றுல வரும். புரோநோட்டு வராது. அதுல கையெழுத்து அப்பாவோடதுதானா, தேதி என்ன, நடுவுல வட்டி கட்டி நோட்டுப் பின்னாடி வரவு எழுதியிருக்கா, எல்லாத்தையும் நாலு பேர் முன்னாடி பார்த்துட்டு, பணம் கொடுத்த கையோட அந்த நோட்டைத் திருப்பி வாங்கிக் கிழிச்சுப் போடுங்க. பத்திரம் எழுதறது அதுக்கப்புறம்.